லக்ஸம்பர்க்கில் ஆறு ஆண்டுகள்: 'மொயேன்' முதல் குடியுரிமை வரை

2016 ஆகஸ்ட் கடைசியில் லக்ஸம்பர்க் வந்து இறங்கினோம். கணவருக்குக் கிர்ஷ்பெர்க் பகுதியில் ஒரு வங்கியில் மென்பொருள் வேலை. மகளுக்கு அப்போது மூன்று வயது. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றுக்கும் நடுவில் செருகி வைத்தது போல ஒரு சின்ன நாடு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். இன்றைக்கு மக்கள்தொகை ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வெளிநாட்டவர். இது போதாதென்று தினமும் காலையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்று பக்கத்து நாடுகளிலிருந்தும் வேலைக்கு வந்து, மாலையில் திரும்பிப் போகிறார்கள்.

அங்கே லக்ஸம்பர்கிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று மூன்று மொழி என வருவதற்கு முன்பே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எந்த மொழி எந்த இடத்தில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆனது. நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

முதலில் காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள், தங்குவதற்கான தற்காலிக அனுமதியை ஊரிலிருந்தே வாங்கி, நீண்ட கால விசாவோடு வர வேண்டும். வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நகராட்சியில் பதிவு. அப்புறம் மருத்துவப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை. மூன்று மாதத்துக்குள் 80 யூரோ கட்டி வதிவிட அட்டைக்கு விண்ணப்பம். எங்களுக்கு எல்லாம் வரிசையாக, தொல்லையில்லாமல் நடந்தது. பிறந்த தேதியில் தொடங்கும் 13 இலக்க எண் ஒன்று தருவார்கள். 'மட்ரிக்யூல்' என்பார்கள். மருத்துவர், வரி, பள்ளி எல்லாவற்றுக்கும் அதுதான் அடையாளம், எனவே மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

பெயரில்தான் ஒரு விஷயம் எதிர்பாராதது. இங்கே பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகும் அரசு ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயர்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அதனால் வந்த முதல் கடிதத்திலிருந்தே நான் 'மதாம்' போட்டு அப்பா பெயர். அவர் இறந்து அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. மருத்துவமனைக் கூடத்தில் யாரோ ஒரு செவிலியர் அந்தப் பெயரை பிரெஞ்சு உச்சரிப்பில் உரக்கக் கூப்பிட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, மொழிக்கு வருகிறேன். நாங்கள் குடியிருந்தது தலைநகரில் பொன்வாய் பகுதி. லக்ஸம்பர்கிஷ் மொழியில் அதற்கே வேறு பெயர், பௌனவேக். கீழே ரொட்டிக் கடையில் பிரெஞ்சு, ஏனென்றால் கடைப்பெண் எல்லை தாண்டி பிரான்ஸிலிருந்து வருகிறார். அரசுக் கடிதங்களும் பெரும்பாலும் பிரெஞ்சில். சட்டங்கள் எழுதப்படுவது பிரெஞ்சில். பக்கத்து வீட்டுத் தாத்தா படிக்கும் செய்தித்தாள் ஜெர்மனில். அதே செய்தித்தாளில் ஒரு கட்டுரை திடீரென பிரெஞ்சில் இருக்கும், மரண அறிவிப்புகள் லக்ஸம்பர்கிஷில் இருக்கும். கணவரின் அலுவலகத்தில் ஆங்கிலம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் போர்ச்சுகீசியம், ஏனென்றால் இங்கே வெளிநாட்டவரில் போர்ச்சுகீசியர்தான் அதிகம். நாடாளுமன்ற விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் உறுப்பினர்கள் லக்ஸம்பர்கிஷில் பேசுகிறார்கள். பேசி முடித்து நிறைவேற்றும் சட்டமோ பிரெஞ்சில்.

1984 பிப்ரவரி 24-ஆம் தேதிச் சட்டம் இதை எழுத்தில் வைத்திருக்கிறது. தேசிய மொழி லக்ஸம்பர்கிஷ். சட்டத்தின் மொழி பிரெஞ்சு. நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மூன்றும் செல்லும். குடிமகன் இந்த மூன்றில் எதில் எழுதிக் கேட்டாலும், முடிந்தவரை அதே மொழியில் பதில் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பல வருடம் கழித்து நான் லக்ஸம்பர்கிஷில் தட்டுத்தடுமாறி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். லக்ஸம்பர்கிஷிலேயே பதில் வந்தது. அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் நான் படித்தது பிரெஞ்சு. அன்றாடத்துக்கு அதுதான் உடனே தேவை, வேலை கிடைக்கவும் அதுதான் உதவியது. வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் 2017 செப்டம்பரில் மகள் ஷ்பில்ஷோல் போக ஆரம்பித்தாள். நான்கு வயதில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய பாலர் பள்ளி அது. அங்கே பேச்சு லக்ஸம்பர்கிஷ். ஆறு வயதில் எழுதப் படிக்கக் கற்பது அப்போது ஜெர்மனில். அதற்கு அடுத்த வருடம் பிரெஞ்சு சேரும். மூன்றே மாதத்தில் அவள் பொம்மைகளோடு பேசும் மொழி மாறிவிட்டது. அவள் பொம்மைக்கு என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு தாயாக அதை என்னால் தாங்க முடியவில்லை. குடியுரிமை எண்ணமெல்லாம் அப்புறம் வந்தது. நான் லக்ஸம்பர்கிஷ் வகுப்பில் சேர்ந்தது அந்தப் பொம்மைப் பேச்சுக்காக.

வகுப்பு தேசிய மொழி நிறுவனத்தில், கிளாஸி மைதானத்துக்குப் பக்கத்தில். 1340-இல் தொடங்கிய ஷுவபர்ஃபோர் சந்தை இன்றும் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த மைதானத்தில்தான் நடக்கிறது. அங்கே விற்கும் குரோம்பரகிஷெல்ஷர் என்ற உருளைக்கிழங்கு அடை, வெங்காயமும் பார்ஸ்லியும் போட்டு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தது. நம் ஊர் ஆள் ஒருவர் செய்தது என்றே சொல்லலாம். குரோம்பர் என்றால் உருளைக்கிழங்கு.

ஜெர்மன் தெரிந்தவர்களுக்கு இந்த மொழி எளிது. எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் தமிழ் இரண்டு விதத்தில் கை கொடுத்தது. ஒன்று, எழுதுவது ஒரு மொழி, பேசுவது இன்னொன்று என்ற வாழ்க்கை நமக்குப் புதிதில்லை. செய்தித்தாளை ஜெர்மனில் படித்துவிட்டு அதைப் பற்றி லக்ஸம்பர்கிஷில் பேசும் பக்கத்து வீட்டுத் தாத்தாவை, வகுப்பில் இருந்த அமெரிக்கப் பெண் வியப்போடு பார்த்தார். எனக்கு வியப்பாக இல்லை.

இரண்டாவது, புணர்ச்சி. லக்ஸம்பர்கிஷில் ஐஃபெல் விதி என்று ஒன்று உண்டு. சொல்லின் கடைசியில் வரும் 'ன்' ஒலி, அடுத்த சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து நிற்கும் அல்லது விழும். உயிரெழுத்து வந்தால் நிற்கும்: ஆப்பிளுக்கு 'டென் ஆபெல்'. ட, த போன்ற சில மெய்கள் வந்தாலும் நிற்கும். மற்றபடி விழுந்துவிடும்: பேருந்துக்கு 'டெ புஸ்'. எழுத்திலும் அப்படியே எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ் அம்மா கரும்பலகையில் எழுதிப் போட்ட 'மரம் + வேர் = மரவேர்' நினைவுக்கு வந்தது. 'ம்' விழுவது போல இங்கே 'ன்' விழுகிறது. அன்றிலிருந்து அந்த விதியில் நான் தவறவில்லை. இந்த மொழியோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அன்றைக்குத்தான்.

2018-இல் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வேலையும் வீடும் வகுப்பும் சேர்ந்து மூச்சு முட்டியபோதுதான் மொழி விடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. லக்ஸம்பர்கிஷ் கற்பதற்காகவே வேலை நேரத்தில் மொத்தம் 200 மணி நேரம் சம்பளத்தோடு எடுக்கலாம். இரண்டு தவணை, ஒவ்வொன்றும் 80 முதல் 120 மணி நேரம். அதே முதலாளியிடம் ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். முதலாளிக்கு அரசு பாதியைத் திருப்பித் தரும். வருடக்கணக்கில் இங்கே வேலை செய்யும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரியவில்லை. தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.

2020-இல் கொரோனா வந்து வகுப்புகள் இணையத்துக்குப் போயின. அந்த வருடம் பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம் ஆகியிருந்தது. அதை அனுபவிக்க வழியில்லாமல் சமையலறையில் வானொலி கேட்டபடியே படித்தேன். காதுக்கு ஆர்.டி.எல். வானொலி, சொல்லுக்கு ஒலியோடு வரும் அரசின் இணைய அகராதி. கேட்டுப் புரிவதுதான் எனக்குக் கடினம், அதற்கு வானொலியைத் தவிர வேறு மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

குடியுரிமைக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருட வசிப்பு, மொழித் தேர்வு, 'சேர்ந்து வாழ்தல்' என்ற 24 மணி நேர வகுப்பு அல்லது அதற்கான தேர்வு. ஐந்து வருடம் முடிந்த 2021 இலையுதிர் காலத்தில் வகுப்பை பிரெஞ்சில் எடுத்தேன். அடிப்படை உரிமைகள், அரசு அமைப்பு, வரலாறு என்று மூன்று பகுதி. கடமைக்குப் போனேன், ஆனால் வரலாற்றுப் பகுதியில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது.

1941 அக்டோபரில் நாஜி ஆக்கிரமிப்பு நிர்வாகம் ஒரு கணக்கெடுப்பு வைத்தது. உன் குடியுரிமை என்ன, தாய்மொழி என்ன, இனம் என்ன என்று மூன்று கேள்விகள். 'ஜெர்மன்' என்று எழுதவைத்து, இந்த நாட்டை விழுங்குவதற்கான வழி அது. எதிர்ப்பு இயக்கத்தினர் ரகசியமாகச் செய்தி பரப்பினார்கள்: 'டிரைமோல் லெட்ஸபுவர்கெஷ்'. மூன்று முறையும் லக்ஸம்பர்கிஷ் என்றே எழுதுங்கள். மாதிரிக்கு எடுத்துப் பார்த்ததிலேயே மக்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நிர்வாகம் கணக்கெடுப்பையே கைவிட்டது. அன்று பலர் இதை ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைத் தாய்மொழி என்று எழுத அந்த நாளில் எவ்வளவு துணிவு வேண்டும்! பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டேன். தன் அப்பா எழுதியதாகச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

மொழித் தேர்வு 2022 மார்ச்சில். கட்டணம் 75 யூரோ. பேச்சும் கேட்டலும் மட்டும்தான், எழுத்து இல்லை. ஐரோப்பிய மொழி அளவுகோலில் பேச்சுக்கு ஏ2 என்ற அடிப்படை நிலை, கேட்டலுக்குக் கொஞ்சம் மேலே, பி1. பேச்சில் முதலில் அன்றாட விஷயம் பற்றி உரையாடல், எனக்கு வந்தது சமையல். இட்லி மாவு பொங்குவதை லக்ஸம்பர்கிஷில் விளக்கினேன், இங்கே குளிர்காலத்தில் மாவை அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைக்க வேண்டும் என்பது உட்பட. அப்புறம் ஒரு படத்தை விவரிக்க வேண்டும். மழையில் ஒரு சந்தை. குடைக்கு வாய் தவறி ஜெர்மன் சொல் வந்துவிட்டது. நிறுத்தி, 'இல்லை, பிராபெலி' என்று திருத்தினேன். பிரெஞ்சு 'பராப்ளுயி' தேய்ந்து வந்த அழகான சொல் அது. எதிரில் இருந்தவர் தலையசைத்தார்.

தேர்ச்சிக் கடிதம் வந்ததும் நகராட்சியில் கோப்பு கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம்) முத்திரை, இந்தியாவிலிருந்து காவல்துறைச் சான்று, இந்த இரண்டையும் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். எனக்கு அதிக நாள் பிடித்தது இவைதான்.

லக்ஸம்பர்க் 2009 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இந்தியா ஏற்பதில்லை. அதனால் குடியுரிமை கிடைத்ததும் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்தேன். ரத்து முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பியபோது அழுதேன். இதைச் சுலபமான முடிவு என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். கணவர் இன்னும் மாறவில்லை, மாறச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. மகளுக்கு 18 வயது ஆகாததால் என் வழியாகவே கிடைத்துவிட்டது.

2023 அக்டோபர் 8 நாடாளுமன்றத் தேர்தல். இங்கே வாக்களிப்பது கட்டாயம். மொத்தம் 60 இடங்கள், எங்கள் மத்தியத் தொகுதிக்கு 21. அதனால் ஒவ்வொரு வாக்காளருக்கும் 21 வாக்கு, விரும்பினால் வெவ்வேறு கட்சி வேட்பாளர்களுக்குப் பிரித்தும் போடலாம். காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். பத்து வயது மகளும் கூட வந்தாள். வாசலில் இருந்தவர் 'மொயேன்' என்று வணக்கம் சொன்னார். பட்டியலில் என் பெயரைத் தேடி, அப்பாவின் பெயரை வாசித்து, உச்சரிப்பு சரியா என்று லக்ஸம்பர்கிஷில் கேட்டார். சரியில்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார்.