சீ லைஸ்னு பேரு, ஆனா பேனும் இல்ல நிஜ நண்டும் இல்ல

தென்னாப்பிரிக்கால டர்பன் வந்து மூணு வருஷம் ஆச்சு, ஞாயித்துக்கிழமை காலைல பீச்சுக்கு ஓடுற பழக்கம் மட்டும் போகல. ப்ளூ லகூன்னு ஒரு இடம், உம்கெனி ஆறு கடல்ல சேர்ற எடம், லீவு நாள்ல நம்ம ஆளுங்க குடும்பத்தோட பிரியாணிச் சட்டிய தூக்கிட்டு வந்து உக்காந்துருவாங்க. அங்கதான் சாட்ஸ்வர்த் மாமா பழக்கம், சாட்ஸ்வர்த்ங்கிறது இங்க இந்திய வம்சாவளிக்காரங்க நெறைய இருக்குற ஏரியா. எழுபது வயசு, தூண்டில் பைத்தியம், தமிழ் அவரு ஆயாகிட்ட காதால கேட்டே கத்துக்கிட்டது, பாதி பேச்சு தமிழ்ல தொடங்கி இங்கிலீஷ்ல போய் முடியும்.

அலை திரும்புறப்ப ஈர மணல்ல கைய விட்டு கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒண்ண எடுத்தாரு, ஸ்டம்ப்நோஸ் மீனுக்கு இரை. என்ன மாமா இதுன்னேன், "சீ லைஸ் தம்பி"ன்னாரு. பேன் எங்கயாச்சும் இவ்ளோ பெருசா இருக்குமா? பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு, எங்க பெசன்ட் நகர் பீச்சுல சின்ன வயசுல தோண்டி வெளையாடுவோமே மணலுக்குள்ள புதையுற அந்தக் குட்டி மோல் கிராப், எமெரிட்டா ஏசியாட்டிகா, அதோட சொந்தக்காரன். கொடுக்கே கிடையாது, நிஜ நண்டும் கிடையாது, காலி சங்குக்குள்ள குடியிருக்குமே ஒரு நண்டு, அதுக்குத்தான் பங்காளி.

இங்க ரெண்டு சாதி கலந்து கெடைக்கும், எமெரிட்டா ஆஸ்ட்ரோஆஃப்ரிக்கானா ஒண்ணு, ஹிப்பா அடாக்டைலா இன்னொண்ணு. மாமாவுக்கு ரெண்டும் ஒரே சீ லைஸ்தான். நான் ஜுவாலஜி படிச்சவன்கிற வாய்க்கொழுப்புல நாலு உருப்படி வாங்கிட்டு வந்து ஸ்பிரிட்ல போட்டேன், மறுநாள் லென்ஸ் வச்சுப் பாத்தா ஒண்ணுலயும் நீள ஆண்டெனாவே, அதான் தலைல இருக்குற உணர்கொம்பு, காணோம், எமெரிட்டான்னா ரெண்டாவது ஜோடி ஆண்டெனா இறகு மாதிரி நீளமா இருக்கணும், ஹிப்பாவுக்குத்தான் குட்டை, அப்ப நாலும் ஹிப்பான்னு லேபிள் எழுதி ஒட்டிட்டேன்.

சுத்தத் தப்பு. எமெரிட்டா தண்ணி ஓடுறப்ப மட்டும்தான் அந்த இறக நீட்டும், கடலப் பாத்தபடி மணல்ல புதைஞ்சு உக்காந்து, திரும்பிப் போற தண்ணில இருக்குற நுண்ணுயிர வலை வீசுற மாதிரி வடிச்சுத் திங்கும். மத்த நேரம் சுருட்டி வாய் மேல கதவு மாதிரி இருக்குற ரெண்டு தட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கும், செத்தாலும் அப்படியேதான் கெடக்கும். அன்னிக்கு ராத்திரி ஊசி முனையால அந்தக் கதவ லேசா நெம்பினேன், உள்ளேருந்து பொசுக்குனு நெளிஞ்சு வந்துச்சு பாருங்க, சீப்புப் பல்லு மாதிரி ரோமம் வச்ச இழை, இத்தன நீளத்த எங்கதான் மடிச்சு வச்சிருந்துச்சோ!

அதுக்கப்புறம் நான் ஆண்டெனாவ நம்பி மட்டும் இருக்குறதில்ல, முன்னங்கால் நுனிய பாத்துருவேன். எமெரிட்டாவுக்கு அது இலை மாதிரி தட்டையா இருக்கும், ஹிப்பாவுக்கு உருண்டு கூரா குச்சி மாதிரி. முதுகு ஓடும் கொஞ்சம் காட்டிக் குடுக்கும், எமெரிட்டாவோடது முட்டை கணக்கா உருண்டை, ஹிப்பாவோடது மேல கைய வச்சு அமுக்கின மாதிரி. வால் முனைய பாத்து பிரயோஜனம் இல்ல, ரெண்டுக்குமே ஈட்டி மாதிரி நீளமா வயித்துக்கடியில மடங்கித்தான் இருக்கும்.

இதுல வேடிக்கை என்னன்னா, மாமா வெங்காய வலைப்பைல மத்தி மீன் தலைய கட்டி அலைல போடுவாரு, "சிலது ஓடி வந்து தொங்கும் தம்பி, சிலது சீந்தாது, ஏன்னு தெரியல"ன்னாரு. வந்து தொங்குறது எது தெரியுதா, ஹிப்பாதான், அதுக்கு வடிகட்டுற இறகு இல்ல, செத்தது கித்தது எதுனாலும் காலால புடிச்சுத் திங்குற ஜாதி. பேர் தெரியாமலே மனுஷன் பிரிச்சு வச்சிருக்காரு!

இப்ப ரெண்டு பாட்டில் லேபிள எமெரிட்டான்னு மாத்தியாச்சு, ஒண்ணு மட்டும் நிஜமாவே ஹிப்பா, அது அப்படியே இருக்கு. நாலாவது மாமா ஹூக்ல குத்திட்டு மனசு மாறி எனக்குக் குடுத்தது, மூஞ்சி நசுங்கி முன்னங்காலும் போயிருச்சு, வெறும் ஓட்ட வச்சு பேர் எழுத மனசு வரல, பழைய லேபிள பிச்சு எடுத்துட்டேன், இப்ப லேபிள் இல்லாமத்தான் நிக்குது.