ஆன் ஆர்பரா, கிரின்னெல்லா?

ஏப்ரல் 2, 2023, ஞாயிறு

மகளுக்கு இடம் கொடுத்து இரண்டு கல்லூரிகளின் கடிதங்களும் வந்துவிட்டன. ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்கள் மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல். அயோவாவின் கிரின்னெல் கல்லூரியில் மொத்தமே சுமார் 1,700 பேர். உதவித்தொகை போக, செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மதுரைக்குப் பேசினோம். மிச்சிகன் என்றதும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "மற்றது என்னம்மா? கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். மகள் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூட உண்ணவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

சிகாகோ அருகே நாங்கள் இருக்கும் நேப்பர்வில்லிலிருந்து கிரின்னெல்லுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம். வழியெல்லாம் விதைப்புக்குக் காத்திருக்கும் கரிய மண்.

கல்லூரி வளாகத்தின் ஊடே ரயில் பாதை போகிறது. சரக்கு ரயில் கடக்கும்வரை நின்றோம். பக்கத்தில் ஒரு பேராசிரியை, வெள்ளிக்கிழமை செய்த சோதனை எங்கே பிசகியது என்று ஒரு மாணவியிடம், ரயில் இரைச்சலை மீறிக் குரலை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் போன பிறகும் இருவரும் நகரவில்லை. மகள் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறிவியல் கட்டடத்துக்கு ராபர்ட் நாய்ஸின் பெயர். கணினிச் சிப் நிறுவனமான இன்டெலைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1949இல் இங்கே பட்டம் பெற்றவர். டிரான்சிஸ்டர் வந்த புதிதிலேயே அதை இந்தச் சிற்றூருக்கு வரவழைத்துக் கற்பித்தவர் கிராண்ட் கேல் என்ற இயற்பியல் பேராசிரியர். மாணவன் நாய்ஸ் பன்றி திருடி மாட்டிக்கொண்டபோது, படிப்பே பாழாகிவிடாமல் அவருக்காகப் பரிந்து பேசியவரும் கேல்தான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

ஆன் ஆர்பரும் பார்த்தாயிற்று. ஆய்வகங்களின் வீச்சு பிரமிக்க வைக்கிறது. முதுநிலைப் பாடங்களையும் எட்டிப் பிடிக்கலாம். கிரின்னெல்லில் அதற்கு வழியில்லை. மிச்சிகன் என்றால், எங்கே போனாலும் பெயரை விளக்க வேண்டியதில்லை. இவை சிறிய விஷயங்கள் அல்ல.

ஆனால் என் கல்லூரியும் ஊரறிந்த கல்லூரிதான். நான்கு ஆண்டு முடிந்து பரிந்துரைக் கடிதம் கேட்டபோது, "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் துறைத் தலைவர். என்னைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. கிரின்னெல்லில் எல்லோருக்கும் கட்டாயமான பாடம் ஒன்றே ஒன்று: சுமார் பன்னிரண்டு பேர் அமரும் முதல் பருவ டுடோரியல் வகுப்பு. அதை நடத்துபவரே, முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்வரை மாணவருக்கு வழிகாட்டி.

ஏப்ரல் 30, ஞாயிறு

எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல நாளை கடைசி நாள். நான் எதுவும் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மகள் கிரின்னெல்லுக்கு முன்பணம் கட்டினாள். பிறகு அவளே மதுரைக்குப் போன் செய்து, மாமாவுக்கு முதலில் அந்த ரயிலைப் பற்றிச் சொன்னாள்.