புது மெஷின் பாக்கப் போயி டார்ச் புடிச்ச கதை

போன வாரம் பின்பால் ஷோ ஒண்ணுக்குப் போனேன். பின்பால்னா, சாய்ஞ்ச கண்ணாடிப் பொட்டிக்குள்ள உருள்ற இரும்புப் பந்தை, கீழ விழாம ஃப்ளிப்பர்ங்கிற குட்டித் துடுப்பால தட்டித் தட்டி ஸ்கோர் ஏத்துற ஆட்டம். புது மெஷின் இறக்குறாங்க வா வான்னு மச்சான் ஒரு மாசமா காதுல ஓதிட்டே இருந்தான். நேரா அந்த லைன்லதான் நின்னோம், முக்கால் மணி நேரம் கால் மாத்திக் கால் மாத்தி. என் முறை வந்துச்சு, மூணு பந்தும் சேத்து ரெண்டு நிமிஷம்கூட ஓடல. ரெண்டு பந்து ஓரமா அவுட்லேன்ல, அதான் பந்து வெளிய போயிடுற சந்துல, உருண்டு போச்சு, மூணாவதைக் காப்பாத்துறேன்னு மெஷினை இடுப்பால ஒரு இடி இடிச்சேன், டில்ட்னு, அதாவது ரொம்ப ஆட்டிட்டேன்னு வந்து ஃப்ளிப்பர் ரெண்டும் செத்துப்போச்சு. பின்னாடி நின்ன குட்டிப் பொண்ணு "முடிச்சிட்டீங்களா அங்கிள்"னு கேக்குது. மானமே போச்சு.

மச்சான் மறுபடி லைன்ல நிக்கப் போயிட்டான், அவனைத் திருத்த முடியாது.

நான் சும்மா சுத்தினேன். மூலையில ஒரு பெரியவர் பழைய மெஷினோட ப்ளேஃபீல்டை, அதான் பந்து உருள்ற பலகையை, தூக்கி நிறுத்தி வச்சு உள்ள தலைய விட்டுட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் "சும்மாதான நிக்கிற தம்பி, இந்த டார்ச்சைப் பிடி"ன்னார். பிடிச்சேன்... ஒரு மணி நேரம் பிடிச்சேன் சார்.

மேல பாத்தா பொம்மையும் லைட்டுமா மினுக்கும், அடியில பாத்தா கல்யாண வீட்டு சீரியல் லைட் சிக்கிக்கிட்ட மாதிரி ஒயரு, காயில், ரிலே. கம்ப்யூட்டரே கிடையாது, ஸ்கோரு நம்பர் போட்ட சக்கரம் சுத்தித்தான் ஏறும். அதுல ஒரு சக்கரம்தான் மக்கர் பண்ணுது. அப்படியே என்னை மாட்டிவிட்ட டில்ட்டையும் காட்டினார்: ஒரு வளையம், நடுவுல தொங்குற குண்டு, அவ்ளோதான். மெஷின் ரொம்ப ஆடினா குண்டு போயி வளையத்துல படும், சர்க்யூட் சேந்து ஆட்டம் காலி. "தள்ளலாம்பா, தாராளமா தள்ளலாம். நீ லாரி தள்ற மாதிரி தள்ளியிருப்ப"ன்னார். எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ.

1947க்கு முன்னாடி ஃப்ளிப்பரே கிடையாதாம், விட்ட பந்தை மெஷினைத் தட்டித் தட்டித்தான் வழிக்குக் கொண்டு வரணுமாம். சூதாட்டம்னு சொல்லி நியூயார்க்ல 1976 வரைக்கும் தடையே இருந்துச்சு. அப்ப ரோஜர் ஷார்ப்னு ஒருத்தர் நகர சபை ஆளுங்க முன்னாடி, பந்து இந்த வழியாத்தான் போகும்னு சொல்லிட்டு அடிச்சுக் காட்டினார், இது அதிர்ஷ்டம் இல்ல கைப்பழக்கம்னு நிரூபிக்க. இதையெல்லாம் பெரியவர் காண்டாக்ட்டைச் சுரண்டிக்கிட்டே சொல்றார், என் கை மரத்துப் போயிருக்கு, ஆனா நகர மனசு வரல.

கடைசில மூடிட்டு "ஆடு"ன்னார். மெதுவா, பூ மாதிரி தள்ளித் தள்ளி ஆடினேன். திடீர்னு பொட்டிக்குள்ள யாரோ சுத்தியலால அடிச்ச மாதிரி 'டொக்'. பதறிட்டேன், ஒடைச்சிட்டோம்னு! பக்கத்துல ஆடிட்டு இருந்த நாலஞ்சு பேரு திரும்பிப் பாத்து கட்டைவிரல் காட்டுறாங்க. ஃப்ரீ கேம் ஜெயிச்சா அடிக்கிற சத்தமாம் அது. இங்க எல்லா மெஷினும் ஃப்ரீதான், இருந்தாலும் அந்த 'டொக்'குக்காக இன்னும் ஏழு ஆட்டம் ஆடினேன்.

வெளிய வரும்போது மச்சான் புது மெஷின் டி-ஷர்ட்டோட வர்றான், என் கையில ஃப்ளிப்பர் ரப்பர் ஒரு பாக்கெட்டு, ஒரு பழைய காயில். வீட்ல அதைப் பாத்துட்டு பொண்டாட்டி "மெஷின் எங்க?"ன்னா. இன்னும் பதில் யோசிச்சிட்டு இருக்கேன்.