எட்டும் ஆறும்

"அது சிலபஸ்ல இல்லம்மா."

வகுப்பில் ஒரு கேள்விக்கு இப்படிச் சொல்லி நாலு வருஷமாச்சு. கேட்ட பிள்ளை மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோவின் இருவர் சந்தை, அதாவது இரண்டே பேர் விற்கிற சந்தை. 1838-இல் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், இரண்டு ஊற்றுத் தண்ணீர்க்காரர்கள். தாமிரபரணிப் பிள்ளைகளுக்கு ஊர் உதாரணமாக இருக்கட்டுமே என்று அதை இரண்டு புழுங்கலரிசி மில்லாக மாற்றினேன். நெல் ஊறின தண்ணீர் இரண்டிலிருந்தும் ஒரே வாய்க்காலில் விழுகிறது. அந்தப் புளிச்ச வாடையை எங்களூரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

விலை என்பது 12-இல் மொத்த உற்பத்தியைக் கழித்தது; செலவு பூஜ்யம். ஆளாளுக்குத் தன் லாபம் பார்த்தால் தலைக்கு 4, மொத்தம் 8 மூட்டை. இருவரும் பேசிவைத்துக்கொண்டால் தலைக்கு 3, மொத்தம் 6. விலை 4-லிருந்து 6 ஆகும். மூட்டைக்கு ஒரு குடம் கழிவு என்றால் 8 குடம் 6 ஆகிறது. "ஆற்றுக்கு ஆறுதான் நல்லது" என்று ஒரு சிலேடையும் போட்டேன். வகுப்பு சிரித்தது.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். "சார், போட்டிதான் நல்லதுன்னு போன செமஸ்டர்ல சொன்னிய. இப்பம் ரெண்டு மொதலாளியும் கூடிக்கிட்டா வாய்க்காலுக்கு நல்லதுங்கிய. எங்கப்பா மில்லுலதான் நெல்லு அவிக்காவ. எட்டு ஆறாச்சுன்னா ஆறு நாள் வேல நாலரை நாளாயிரும்லா?"

பதில் தெரியாமல் இல்லை. 1969-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் புக்கனன் எழுதியதை எம்.ஃபில். காலத்திலேயே படித்திருக்கிறேன். சந்தையில் தனியாளாக விற்கிற ஏகபோகக்காரன் ஏற்கெனவே உற்பத்தியைக் குறைத்துத்தான் வைத்திருப்பான். அவன் தலையில் மாசு வரியை முழுசாக ஏற்றினால், வாய்க்காலுக்கு மிச்சமாவதைவிட அரிசி குறைவதால் வரும் நஷ்டம் பெரிதாகிவிடலாம். சில பேர் மட்டும் இருக்கும் சந்தைக்கும் அதே சங்கடம்தான். பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். மணியடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

முதலாளிகள் கூடி விலை ஏற்றுவது நல்லது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்தேன். இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பொய்யில்லை, அந்தப் பயமும் இருந்தது. ஆனால் புக்கனனைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு அது பதிலாகியிருக்காது. அவள் கேட்டது அப்பாவின் ஒன்றரை நாளை. கணக்குச் சுலபமாக வரட்டும் என்று நான் போட்ட பூஜ்யத்துக்குள்தான் அவர் கூலி கிடந்தது.

மூட்டையைக் குறைக்காமலே குடத்தைக் குறைக்கலாம், சுத்திகரிப்புத் தொட்டியை ஓட்டினால் போதும். ஓட்டுகிறவனுக்குக் கரண்ட் பில், வாய்க்காலோ எல்லோருக்கும். அதனால் அடுத்தவன் முதலில் ஓட்டட்டும் என்று இருவருமே சும்மா இருப்பார்கள். வரி குடத்துக்கா மூட்டைக்கா என்பது அங்கேதான் முக்கியமாகிறது: மூட்டைக்கு என்றால் தொட்டியை ஓட்டியும் வரி குறையாது, குடத்துக்கு என்றால் குறையும். இதை மறுநாள் விலாவாரியாக நடத்தினேன். அன்றைக்கு அவள் வரவில்லை. வந்திருந்தால் நடத்தியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

அடுத்த மாதம் இன்டர்னல் டெஸ்ட். கூர்னோ கேள்விக்கு எல்லோரும் என் மில்லையே எழுதியிருந்தார்கள். அவள் மட்டும் புத்தகத்திலிருந்த ஊற்றை எழுதியிருந்தாள்: "தண்ணீர் தானாக ஊறுவதால் செலவு பூஜ்யம்." முழு மதிப்பெண் போட்டேன்.