கடைசி எண்ணிலிருந்து அடுக்கிய கோப்புகள்

பதிவறையைச் சீரமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததும், கோப்பு கேட்டு வருகிறவர்கள் எதைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். வாடிக்கையாளர் கோப்பை எண் சொல்லிக் கேட்டார்கள். கடிதங்களைப் பொருள் சொல்லியும், வவுச்சர்களைத் தேதி சொல்லியும் கேட்டார்கள். ஆகவே அறை முழுவதற்கும் ஒரே முறை என்ற யோசனையைக் கைவிட்டோம்.

வவுச்சர்களில் சிக்கல் இல்லை. மாதவாரியாகக் கட்டி வைத்தால் முடிந்தது. கடிதங்களுக்குப் பொருள்வாரித் தலைப்புப் பட்டியல் போட்டோம். வாடகையும் பழுதுபார்ப்பும் ஒரே கடிதத்தில் வந்தால், கடிதம் வாடகைக் கோப்பில் இருக்கும். பழுதுபார்ப்புக் கோப்பில் ‘வாடகைக் கோப்பைப் பார்க்க’ என்று ஒரு தாள் இருக்கும்.

மூளையைக் கசக்க வைத்தவை எண் கோப்புகள்தான். ஏறுவரிசையில் அடுக்கினால் புதியவை எல்லாம் கடைசி அலமாரியிலேயே சேரும். அதிகம் தேடப்படுவதும் புதியவைதான் என்பதால் அங்கே எப்போதும் நெரிசல். அதனால் ஆறு இலக்க எண்ணை இரண்டிரண்டாகப் பிரித்து, வலமிருந்து படிக்கும் முறைக்கு மாறினோம். 24-61-07 என்றால் முதலில் 07ஆம் பகுதி, அதற்குள் 61, அதற்குள் 24. அடுத்துத் திறக்கும் 24-61-08 பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும். இப்படி 00 முதல் 99 வரை நூறு பகுதிகளும் ஏறக்குறைய ஒரே சீராக நிரம்புகின்றன. மூத்த எழுத்தர் ஒருவர் இதைத் தலைகீழ்ப் பாடம் என்று கேலி செய்தார். கோப்பின் விளிம்பில் பகுதிக்கொரு நிறப்பட்டை ஒட்டியபின் அவரே இடம் மாறிய கோப்புகளைத் தூரத்திலிருந்து கண்டுபிடித்துச் சொன்னார்.

எடுத்த கோப்பின் இடத்தில் பெயரும் தேதியும் எழுதிய அட்டையை வைக்கச் செய்ததுதான் பெரும்பாடு. “ஐந்தே நிமிடம், இதோ தருகிறேன்” என்று சொல்லாதவர் இல்லை. மேலாளரும் அட்டை எழுதத் தொடங்கிய பிறகே மற்றவர்கள் வழிக்கு வந்தார்கள்.

பழைய கோப்புகளைக் கழிப்பது மட்டும் பாக்கி. எதை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்ற அட்டவணை தயாராகவே இருக்கிறது. அழிக்கலாம் என்று கையெழுத்துப் போடத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.