மூன்று கட்டங்கள்

மார்ச் 3, திங்கள்

காலையில் நண்பனிடமிருந்து ஒரே வரி: "அப்பா நேற்றிரவு போய்விட்டார்." நான் படித்து மூச்சு விடுவதற்குள் கைபேசி மூன்று பதில்களைச் சிறு கட்டங்களில் எடுத்து நீட்டியது. அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரம். நடுவில் இருந்ததைத் தொட்டேன்: "ஆழ்ந்த இரங்கல். தைரியமாக இருங்கள்."

இருபது ஆண்டுகளாக நான் 'டா' போட்டு அழைப்பவன் அவன். அவனுக்குப் போய் 'இருங்கள்'! சற்று நேரத்தில் பதில் வந்தது: "உங்கள் அன்புக்கு நன்றி."

மார்ச் 4, செவ்வாய்

அந்த 'இருங்கள்' தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்தக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்தேன். 2015-இல் கூகுள் மின்னஞ்சலுக்கு இப்படியொரு வசதியைக் கொண்டுவந்தது. அதன் முதல் மாதிரி, என்ன கடிதம் வந்தாலும் "நான் உன்னை நேசிக்கிறேன்" என்று பதில் சொல்லத் துடித்ததாம். காரணம் எளிது. எந்தக் கடிதத்துக்கும் ஓரளவு பொருந்தக்கூடிய, எல்லோரும் அடிக்கடி எழுதுகிற வாசகம் அது. என்ன சொல்வதென்று தெரியாதபோது பாதுகாப்பான சொல்லில் போய் ஒதுங்குவது.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் செய்ததும் அதுதானே?

மார்ச் 6, வியாழன்

எல்லாப் பழியையும் கைபேசியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. தந்தி காலத்திலேயே வாழ்த்துகளுக்கு அச்சடித்த வாசகங்கள் இருந்தன. எண்ணைச் சொன்னால் போதும், வாசகம் போய்ச் சேரும். ஆனால் அதற்கும் ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி அலுவலகம் வரை நடக்க வேண்டியிருந்தது. நான் ஒரு கையால் காலணியை மாட்டிக்கொண்டே துக்கம் விசாரித்தவன்.

மார்ச் 8, சனி

எலிசாவைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கி, 1966-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்ட கணினி நிரல். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும். வேறு ஒன்றும் தெரியாது. அவர் பல மாதங்கள் அதை எழுதியதை அருகிலிருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனுடன் சில வரிகள் பேசியதும், 'கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா?' என்று வைசன்பாமைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் ஆடிப்போனார், 1976-இல் கணினிகளிடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு நூலே எழுதினார்.

மனிதர்கள் ஏமாறுவதற்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் செயலாளர்மீது குறை சொல்லத் தோன்றவில்லை. எலிசா ஒரு கேள்வியாவது கேட்டது. நான் நண்பனிடம் அதுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படித் தொடங்குவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்: "உன் 'இருங்கள்' பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் 'நன்றி'யும் அப்படி வந்ததுதான்."

ஆக, அன்று காலை இரண்டு கைபேசிகள் ஒன்றுக்கொன்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. நாங்கள் இருவரும் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை.

"கேவலமாக இல்லையா?" என்றேன். "எனக்கு இல்லை," என்றான். "அன்று செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கட்டம் இல்லையென்றால் ஒருவருக்கும் பதில் போட்டிருக்க மாட்டேன். அது என்னைக் காப்பாற்றியது."

திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. ஒரே வசதி. அவன் தொட்டால் கைத்தடி, நான் தொட்டால் கைகழுவல். தொழில்நுட்பம் நம்மை மனிதத்தன்மை இழக்கச் செய்கிறதா என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை சிரமப்பட வேண்டியவன் நான், அவனல்ல. இது தெரிகிறது.

மார்ச் 15, சனி

இரவு அவனிடமிருந்து செய்தி: "அப்பாவின் மூக்குக்கண்ணாடியை என்ன செய்வதென்று தெரியவில்லை."

கட்டங்கள் வந்தன. 'சரி.' 'பரவாயில்லை.' மூன்றாவதில் உயர்த்திய கட்டைவிரல்.

நானே எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அது அறிவுரை போல இருந்தது, அழித்தேன். நான் தட்டச்சு செய்வதும் நிறுத்துவதும் அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். கடைசியில் போனது இவ்வளவுதான்: "நாளை வருகிறேன்டா. அதுவரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."