மழை எந்தப் பக்கமோ, அடைப்பும் அந்தப் பக்கம்: நீலகிரி மலைப்பாதைகள்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று குன்னூருக்கு, மற்றது கோத்தகிரிக்கு. நவம்பர் மாதக் காலை ஒன்றில் அந்தப் பிரிவில் தடுப்பு வைத்து, போலீஸ்காரர் கையைக் கோத்தகிரிப் பக்கம் காட்டினால் குன்னூர் ரோட்டில் மண் விழுந்திருக்கிறது என்று பொருள். பதற வேண்டியதில்லை. ஊட்டிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான். வளைவுகளும் குன்னூர் பாதையை விடக் கோத்தகிரிப் பாதையில் சற்று இளகியவை.

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி எனும் மேற்குச் சரிவை அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2019 ஆகஸ்டில் அதே அளவு மழையை அவலாஞ்சி கண்டது. ஒரே மாவட்டம்தான், ஆனால் மாதத்தைப் பொறுத்து மழை மலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிடுகிறது. ஆடி மாதத்தில் கூடலூர் சாலை அடைபட்டால் குன்னூர் பாதை பெரும்பாலும் திறந்தே இருக்கும். கார்த்திகையில் நிலைமை தலைகீழ்.

ஆனால் குன்னூர் ரோடு அடைபட்டால் மலை ரயிலில் ஏறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மலையடிவாரத்துக் கல்லாற்றுக்கு மேலே ரயிலும் ரோடும் ஏறுவது ஒரே பள்ளத்தாக்கில். ரோட்டை மூடும் மழைதான் பல்சக்கரத் தண்டவாளத்திலும் பாறையைத் தள்ளும். அப்போது மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் ரயில் ரத்தாகும். குன்னூர்–ஊட்டி இடையே மட்டும் ஓடும். ரயில்வேயே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பி வரும் என்பதால் அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்துவிடாதீர்கள்.

ஏன் இத்தனை சரிவு? பாறைக்கு மேல் ஆழமாக உட்கார்ந்திருப்பது செம்மண். ரோட்டுக்காக அதன் அடியைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறோம். மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, பாறையோடு இருந்த பிடியை விடுகிறது. சிறுபாலத்தில் குப்பை அடைத்து, தண்ணீர் சாலை மேலேயே வழிந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் பெரிய மழை நின்ற மறுநாளும் ஆபத்து போய்விடுவதில்லை. 1993 நவம்பரில் குன்னூர் ரோட்டில் மரப்பாலம் என்னும் இடத்தில் சரிவு பேருந்துகளையே அடித்துச் சென்றது. அண்மைக் காலமாகச் சில சரிவுகளில் இரும்புக் கம்பிகளை மண்ணுக்குள் செருகி, மேலே புல் வளர்க்கிறார்கள். நல்ல வேலை, ஆனால் அது எல்லா வளைவிலும் இல்லை.

வரிசையில் மாட்டிக்கொண்டால் முதலில் என்ன விழுந்தது என்று கேளுங்கள். எதிரே வரும் அரசுப் பேருந்து ஓட்டுநரிடம் கேட்டால் சரியாகச் சொல்வார். மரம் என்றால் பவர் சா வந்ததும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வழி பிறக்கும். மண் என்றால் ஜேசிபி வர வேண்டும், அரை நாள் போகலாம். உருண்ட பாறையை உடைத்தெடுக்க வேண்டும் என்றாலோ, சாலையின் பள்ளத்துப் பக்கம் உள்வாங்கியது என்றாலோ திரும்பிவிடுங்கள், அன்றைக்குள் ஆகாது. காத்திருக்கும்போது மலைச்சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். வலப்பக்கம் ஏறி முன்னே போய் நிற்பவர்களால்தான் ஜேசிபியே வர முடியாமல் போகிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

தண்ணீர் விஷயம் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடுவதில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எனவே தலைக்கு 2 லிட்டராவது எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். பெட்ரோலை மேட்டுப்பாளையத்திலேயே போட்டுவிடுங்கள்.

செல்பேசி மேப் அடைப்பைக் கண்டதும் வேறு பாதை காட்டும். அதை அப்படியே நம்பக் கூடாத இடங்கள் மூன்று. ஒன்று கல்லட்டி: 36 கொண்டை ஊசி வளைவுகள், கடும் சரிவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்புவார்கள். அடுத்தது மைசூர் போகும் முதுமலை–பந்திப்பூர் காட்டுப்பாதை: இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். எட்டரைக்குக் கூடலூரில் சாப்பிட உட்கார்ந்தால் இரவு அங்கேதான். மூன்றாவது மஞ்சூர், கெத்தை, வெள்ளியங்காடு வழியாகக் காரமடை இறங்கும் பாதை: 43 கொண்டை ஊசி வளைவுகள், நெடுந்தூரம் சிக்னல் கிடையாது, யானை நடமாட்டம் சகஜம். பகலில், நல்ல பிரேக்கோடு மட்டும். வடகிழக்கு மழையில் அங்கும் மண் சரியும்.

கோடையில் அடைப்பு மண்ணால் அல்ல, மனிதர்களால். சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் அனுமதிக்கப்பட்டன. பாஸை மலையடிவாரத்தில் நின்று எடுக்காமல் வீட்டிலேயே எடுத்துவிட்டால் சாவடி வரிசையாவது நகரும். குன்னூர் ரோட்டில் பர்லியார் பக்கம் பலா பழுக்கும் மாதங்களில் யானைகளும் ரோட்டுக்கு வரும். ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, அவை காட்டுக்குள் போகும்வரை நிற்பதுதான் வழி.

அடைப்பு நீங்கியதும் இறங்குபவர்கள் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக்கில் கருகல் வாடை வந்தால் இடம் பார்த்து அரை மணி நிறுத்துங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.